முழங்காலில் வந்தவர்கள்

ஆடி 19, திங்கள்

டில்லிப் பெரிய மந்திரி செத்து, எங்கள் தோட்டத்து லய வீடுகளின் வாசலில் எல்லாம் கறுப்புத் துணி கட்டிய வருஷம். காற்றில் எங்கள் தேயிலை ஸ்டோர் கூரை பாதி பறந்ததும் இதே வருஷம். 6ம் நம்பர் மலையைப் பிடுங்கப் போவதும் இதே வருஷம்.

மழை. விடியற்காலையிலிருந்து விடவில்லை. மூட்டத்தில் எதிர் லயம் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் போகாதவன் நான். எழுத்து கற்றது தாடி நரைத்த பிறகு, சங்கத்து இரவு வகுப்பில். அங்கே கொடுத்த கொப்பி பாதி வெறுமையாகக் கிடந்தது. போகிற வழியை எழுதி வைக்கலாம் என்று எடுத்தேன். வேறு காரணம் இல்லை.

6ம் ந. மலையில்தான் பழைய மயானம். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைக்கப் போகிறார்கள். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டேன், "குழி இருக்கிற எடத்தயாவது விடுவாங்களாங்க?"

"மேப்புல அதுவும் தேயிலதான்" என்றார்.

மதினியிடம் சொன்னேன். பொன்னாயி. செத்துப்போன என் அண்ணனின் பெண்டாட்டி. அடுத்த காம்பிராவில் தனியாக இருக்கிறாள். முழங்கால் இரண்டும் வீங்கி, படி இறங்க அரை நாள். கேட்டுவிட்டு வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள்.

"அப்ப அவங்களக் கூட்டிக்கிட்டுக் கப்பலேறிற வேண்டியதுதான், கொழுந்தனாரே. குடுத்த வாக்கு ஒண்ணு இருக்குல்ல."

வாக்கு இதுதான். அந்தக் கப்பலைப் புதிதாக விட்ட வருஷம், வெள்ளைக்காரன் முதல் சண்டை தொடங்கிய வருஷம், ஒரே ஊரிலிருந்து ஏழு பேர் அதில் வந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நடுக்கடலில் எல்லோரும் வாந்தி எடுத்துக் கிடக்கும்போது அய்யா சொன்னார்: "மூணு வருசந்தான். இதே கப்பல்ல எல்லாரும் ஒண்ணாத் திரும்புறோம். ராமேஸ்வரத்துல முழுகிட்டு ஊருக்குப் போறோம்." எல்லோரும் தலையாட்டினோம். திரும்பவில்லை. ஏழு பேரில் ஐந்து பேர் 6ம் நம்பரில். மீதி நானும் மதினியும்.

கடுதாசி எல்லாம் கைக்கு வந்துவிட்டது. இன்று மத்தியானம் மழையோடு போய் ஒவ்வொரு குழியிலும் ஒரு கை மண் எடுத்தோம். பால்மா டின்னில் போட்டோம். அடையாளக் கல் கிடையாது. எனக்குத் தேவையும் இல்லை. அய்யா, தண்ணீர் ஓடும் கான் திரும்பும் இடம். ஆத்தா, அவர் காலடி. சின்னக்கண்ணு மாமா, அதாவது மதினியின் அய்யா, சவுக்கு மரத்துக்குக் கீழே. தங்கச்சி செல்லாயி, பெரிய கல்லுக்கு மேல்பக்கம், சின்னக் குழி. அண்ணன், பாதை ஓரம். சறுக்காமல் மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். யாரும் அழவில்லை.

என் பெண்டாட்டி இங்கேயே பிறந்தவள். கப்பல் பார்க்காதவள். அவள் கிடக்கும் மலையை இப்போதைக்குத் தொடவில்லை.

கொண்டுபோவது:
வேட்டி, சட்டை.
கம்பளி, என்னுடையதும் மதினியுடையதும்.
தேயிலை ஒரு பொட்டலம்.
ரொட்டி, சம்பல்.
எலுமிச்சம்பழம், வாந்திக்கு.
டின்.

ஆடி 20, செவ்வாய்

தலவாக்கலை ஸ்டேசன். தூறல். மகன் ஏற்றிவிட்டான்.

"அப்பா, கடுதாசில நாள் போட்டிருக்கு. ஒரு நாள் பிந்தினாலும் உள்ள விடமாட்டான். வெளங்குதா?"

விளங்குகிறது. என்னுடையது எந்த நாட்டுக்காரனும் இல்லாதவனுக்குக் கொடுக்கும் கடுதாசி. மதினி, அண்ணன் இருந்த காலத்திலேயே, இந்தியப் பிரஜையாகப் பதிந்துகொண்டாள். அவள் அங்கே எவ்வளவு நாளும் இருக்கலாம். திரும்பி வரவும் நீண்ட தவணை போட்டிருக்கிறது.

பொல்காவலையில் ரயில் மாறினோம். டின் மதினி மடியில். எதிரில் இருந்த சிங்களக் கிழவி எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். "நிவாடுவட்ட, நோனே" என்றாள் மதினி. லீவுக்காம்.

"இது லீவா, மதினி?"

"தோட்டத்துல பேர் பதிஞ்ச நாள்லேருந்து ஒரு நாள் லீவு கேட்டிருக்கேனா? இப்ப மொத்தமா எடுத்துக்கிறேன். ஒங்களுக்கென்ன?"

அனுராதபுரம் தாண்டி ஒரு ஆள் ஏறினான். தலையில் எண்ணெய், வாயில் வெற்றிலை. டின்னையே பார்த்தான்.

"என்னாங்கம்மா அது, நெய்யா?"

"எங்க வீட்டுக்காரரு."

அவன் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டான். மதினி காலை நீட்டி அந்த இடத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆடி 21, புதன்

தலைமன்னார். வெயில். மலையில் இந்த மாதம் வெயிலை மறந்திருப்போம். துணி எல்லாம் உடம்பிலேயே காய்ந்தது.

கப்பல். அன்று வந்ததும் இதுவும் ஒன்றா, தெரியாது. வாசனை ஒன்றுதான். கரிப்புகை, எண்ணெய், வாந்தி, நசுக்கிய எலுமிச்சை. மேல்தட்டில் இடம் பிடித்தோம். பக்கத்தில் கொட்டகலைக்காரர்கள் சீட்டு ஆடினார்கள். ஒருவன் தோற்றுக்கொண்டே இருந்தான். "இவன் கரை சேர்றதுக்குள்ள வேட்டியவும் வச்சிருவான்" என்று மற்றவன்.

அன்று கழுத்தில் நம்பர் போட்ட தகரத் துண்டு தொங்கியது. செல்லாயி அதை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே வந்தாள். இப்போது வெறும் கழுத்து.

கடல் காற்றில் மூக்கின் பழைய துளை குறுகுறுத்தது. அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் பிறந்தது ஒன்றும் தங்கவில்லை. அதனால் ஆத்தா என்னைக் குப்பையில் போட்டு எடுத்து, மூக்கைக் குத்தி, அதையே பேராகவும் வைத்தாள். இது வேண்டாத பிள்ளை என்று சாவு தாண்டிப் போகட்டும் என்று.

கரை தெரிந்தது. தனுஷ்கோடி. வெள்ளை மணல் ஒரு கோடு, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்துக் கடல் பச்சை, மறு பக்கம் கருநீலம். கூட வந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். ஒருத்தி அழுதாள். நானும் பார்த்தேன். அழகுதான். உள்ளே ஒன்றும் அசையவில்லை, நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி.

துறையில் மூட்டை சோதனை. தேயிலையை விட்டார்கள். டின்னைத் திறந்த சுங்கத்து ஆள் மூக்கைச் சுளித்தான். சின்ன வயது, நறுக்கு மீசை.

"என்ன பெரியவரே இது?"

"மண்ணுங்க."

"எந்த ஊரு மண்ணு?"

"தோட்டத்து மண்ணுங்க. தேயில மலை."

"அதெல்லாம் எறக்க முடியாது. அந்த மண்ணுல பூச்சி இருக்கும், இங்க செடிக்கெல்லாம் நோய் வரும். ரூல் இருக்கு."

மதினி முன்னால் வந்தாள். "அய்யா, அது மண்ணு இல்ல, மனுசங்க. அஞ்சு பேரு. எங்க பக்கம் எரிக்கிறதில்ல, பொதைக்கிறதுதான். சாம்பலுக்கு எங்க போவோம்?"

"யாரா இருந்தாலும் மண்ணு மண்ணுதான் ஆத்தா."

"போகயில எங்களுக்கு நோயின்னு மண்டபம் கேம்புல மருந்துத் தண்ணியில முக்கி அனுப்புனீங்க. வரயிலயும் நோயா? செத்தப் பெறகுமா?"

வரிசையில் சிரிப்பு. அவனுக்கு முகம் சிவந்தது. கெட்டவன் இல்லை. மேலே இருப்பவனைத் திரும்பிப் பார்த்தான். "என்னால ஆகாது. இங்கயே கொட்டிட்டுப் போங்க. இல்ல, டின்ன வச்சிட்டுப் போங்க."

கொட்டச் சொன்ன இடம் கரித்தூளும் மீன் செதிலும் கிடந்த பலகை. டின்னை வாங்க நான் கை நீட்டினேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

மதினி அந்தப் பலகையில் உட்கார்ந்தாள். "தண்ணிப் போத்தலக் குடுங்க" என்றாள். டின்னில் ஊற்றிப் பிசைந்தாள். சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு இரண்டு முட்டியிலும் அப்பினாள், தடிமனாக, சுவர் மெழுகுவதைப்போல.

"என்னம்மா பண்றே?"

"மூட்டு வலிங்க. பத்து போடுறேன். அதுக்கும் ரூல் இருக்கா?"

பின்னால் ஒருத்தி, "அய்யய்யோ, மயானத்து மண்ண மேல பூசுறாளே!" என்றாள்.

"எம் புருசன் எம் மேல படுறதுல ஒனக்கென்னடி?"

சீட்டு ஆடியவர்கள் கைதட்டினார்கள். சுங்கத்து ஆள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "போங்க, போங்க, வரிசைய மறிக்காதீங்க" என்றான். டின்னை வழித்துக் காட்டினோம். காலி.

எழுந்து என் தோளைப் பிடித்தாள். "வலது கால்ல ஒங்க அண்ணனும் எங்க அய்யாவும். எடது கால்ல ஒங்க அய்யா, ஆத்தா, செல்லாயி. பாத்து நடங்க, யாரும் விழுந்துறக் கூடாது."

எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே பிசைந்தாள்.

ஆடி 22, வியாழன்

ராமேஸ்வரம், சத்திரம். வெயில், புழுக்கம். ரயிலில் பத்து காய்ந்து வெடித்தது. உதிர்ந்த பொருக்கை எல்லாம் மதினி முந்தானையில் பொறுக்கி முடிந்துகொண்டாள். காலை மடக்கவில்லை. இரவு முழுவதும் நீட்டியபடியே படுத்திருந்தாள். குளிப்பதில்லை என்று பக்கத்துக்காரி முணுமுணுத்தாள்.

ஊர் தட்டை. எங்கு பார்த்தாலும் தட்டை. மணல், தாழை, பனை, முடிவில் கடல். பார்த்துக்கொண்டே நடந்தேன். எங்கும் மேடு வரவில்லை. என் கால் மட்டும் ஏற்றத்தை எதிர்பார்த்து எதிர்பார்த்து ஏமாந்தது.

சாப்பாடு: புளிச்சாதம். உப்பு கூடுதல்.

ஆடி 23, வெள்ளி. அமாவாசை

கூட்டம். கடற்கரையில் தலையாகத் தெரிந்தது. ஐயர் ஊர் கேட்டார். லிந்துலை என்றேன்.

"அது எந்த ஜில்லா?"

"மலைநாடுங்க. இலங்கை."

"பூர்வீகம்?"

ஊர்ப் பேரைச் சொன்னேன். அவருக்கு அதுவும் தெரியவில்லை. பேர்களை மட்டும் சொல்லச் சொன்னார். மாரிமுத்து. வெள்ளையம்மா. சின்னக்கண்ணு. செல்லாயி. பெரியசாமி.

மதினி இடுப்பளவு தண்ணீரில். ஒவ்வொரு பேருக்கும் ஒரு முழுக்கு. ஒவ்வொரு முழுக்குக்கும் முட்டியைத் தேய்த்தாள். அவளைச் சுற்றித் தண்ணீர் சிவப்பாகக் கலங்கியது, பிறகு தெளிந்தது. முந்தானை முடிச்சையும் அவிழ்த்து உதறினாள். நான் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்திருந்தேன். அலை பெரிதில்லை.

அவ்வளவுதான். ஐம்பது வருஷம். வேட்டியைப் பிழிந்துகொண்டு கரைக்கு வந்தேன். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். பசித்தது.

மதினி கரையில் என் தோளைப் பிடிக்காமல் நின்றாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள். மறுகாலைத் தூக்கி வைத்தாள்.

"வலி இல்ல, கொழுந்தனாரே. போகயில எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

மத்தியானம் முழுவதும் நடந்தாள். நான் உட்கார்ந்து பார்த்தேன். கோயில் மதில் ஓரம் போய்த் திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள், முறுக்கு வாங்கித் தின்றுகொண்டே. சிறு பிள்ளையாக அந்தக் கப்பலில் ஓடித் திரிந்தவள் இவள்தான் என்று அப்போது ஞாபகம் வந்தது.

ஆடி 26, திங்கள்

தனுஷ்கோடி. காற்று. மணல் கண்ணில் விழுகிறது. கப்பல் மத்தியானத்துக்கு மேல்.

துறைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை, தேத்தண்ணிக் கடை. நடத்துகிறவள் சீனியம்மா, விதவை, குரல் பெரிது. காலையிலிருந்து மதினி அங்கேதான். கிளாஸ் கழுவிக் கொடுத்தாள். நாங்கள் கொண்டுபோன தேயிலையைப் போட்டு ஊற்றிக் கொடுத்தாள். சீனியம்மா வாயில் வைத்துப் பார்த்து, "அடியே, இதத்தானாடி இத்தன வருசமா நீங்க பறிச்சது? நாங்க குடிச்சது என்ன புழுதியா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். மதினி சிரிப்பை எப்போது கடைசியாகக் கேட்டேன் என்று யோசித்தேன். அகப்படவில்லை.

மணி அடித்தார்கள். மூட்டையை எடுத்தேன்.

"நான் வரல" என்றாள்.

"என்ன மதினி?"

"ஒங்க மலையில தட்டையா ஒரு எடம் காட்டுங்க, இப்பவே வாறேன். தண்ணி புடிக்கப் பீலிக்குப் போனா எறக்கம், காம்பிராவுக்கு வந்தா ஏத்தம். இங்க பாருங்க, நடந்துக்கிட்டே இருக்கலாம். சீனியம்மா எடம் குடுக்குறா. குளிர் விடட்டும், மாசி பொறந்ததும் வாறேன்."

"மகன் என்ன சொல்லுவான்?"

"ஒங்க மகன் என்ன சொன்னா என்ன? நீங்க என்ன சொல்றீங்க?"

என் கடுதாசியில் நாள் போட்டிருக்கிறது. "சரி" என்றேன்.

அவளுடைய கம்பளியை என் தோளில் போட்டாள். "குளிரு இல்லாத ஊர்ல இது எதுக்கு. நீங்க போர்த்திக்கங்க. ஒண்ணு பத்தாது ஒங்களுக்கு."

கப்பல் விலகியது. துறை ஓரமாக அவள் நடந்து வந்தாள், கப்பலோடு சேர்ந்து, பலகை முடியும் இடம் வரைக்கும். கை காட்டவில்லை. வெயிலுக்குப் புருவத்தில் கை வைத்திருந்தாள். நானும் காட்டவில்லை.

ஆடி 28, புதன்

வீடு. மழை. முழங்கால் எனக்கும் வலிக்கிறது.

6ம் ந. மொட்டை. நாங்கள் போன மறுநாளே ஆள் இறக்கிவிட்டார்கள். சிவப்பு மண், ஒரு செடி இல்லை. சவுக்கு மரமும் இல்லை. பெரிய கல்லையும் உடைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் இடம் தெரியும்.

காலி டின்னில் மருமகள் உப்புப் போட்டு வைத்தாள்.

ஐப்பசி 17, திங்கள்

தூறல். இரண்டு நாட்டுப் பிரதமரும் டில்லியில் கையெழுத்துப் போட்டார்களாம். நம் ஆட்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே. லயத்தில் இதே பேச்சு. "ஆடு மாடு பிரிக்கிற மாதிரி பிரிச்சுட்டானுங்க" என்று ஒருவன். "நீங்க எந்தப் பக்கம், தாத்தா?" என்று இன்னொருவன்.

மதினி தபால் அட்டை. யாரோ எழுதிக் கொடுத்தது. எழுத்து அழகு, பேச்சு அவளுடையது. "கால் நல்லா இருக்கு. தினம் கடைசி மணல் வரைக்கும் போயிட்டு வாறேன். ரெண்டு கடலும் முட்டிக்கிற எடம். ஒருநாள் பாத்தா அந்தத் தண்ணி ஒங்க அண்ணன் மொகம் மாதிரி இருக்கு. கம்பளி போர்த்துறீங்களா? மாசியில வருவேன்."

தோட்டத்தில் கவ்வாத்து, தேயிலைச் செடி வெட்டும் வேலை, தொடங்கிவிட்டது.

மார்கழி 9, வியாழன்

செவ்வாய் இரவு இங்கேயும் பெருங்காற்று. எங்கள் காம்பிராத் தகரம் ஒன்று பறந்தது. நேற்று அதைத் தேடி எடுத்து ஆணி அடித்தேன். நாள் முழுக்க அதே வேலை.

இன்று லிந்துலைக் கடையில் சீனி வாங்கப் போனேன். ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். கடைக்கார மொதலாளி என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தார்.

"கூட்டுங்க, மொதலாளி."

"வேணாம் பெரியவரே. இப்பிடி உக்காருங்க மொதல்ல."

தனுஷ்கோடி இல்லை. செவ்வாய் இரவு கடல் மேலே ஏறிவிட்டது. துறை, ஸ்டேசன், வீடு, கொட்டகை, ஒன்றும் இல்லை. வந்துகொண்டிருந்த ரயில் ஆட்களோடு போய்விட்டது. கப்பல் இனி இல்லை.

சீனி வாங்கிக்கொண்டு வந்தேன். மருமகளிடம் கொடுத்தேன். மகன் வேலை விட்டு வந்த பிறகுதான் சொன்னேன். அவன் சுவரில் தலையை வைத்து அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். அவ்வளவுதான்.

மார்கழி 20, திங்கள்

குளிர். புல்லில் வெள்ளை.

மகன் ராமேஸ்வரம் சத்திரத்துக்கு எழுதினான். பதில் வந்தது. மண்டபத்தில் தப்பியவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அன்று எங்களை மருந்துத் தண்ணீரில் முக்கிய அதே மண்டபம். அங்கே விசாரித்தார்களாம். அந்தப் பேரில் ஆள் இல்லை. சீனியம்மாவும் இல்லை. தேத்தண்ணிக் கடைக்காரர்கள் ஒருவரும் இல்லை.

"கருமாதி செஞ்சிருவோமாப்பா?" என்றான் மகன்.

"மாசியில வாறேன்னு சொல்லியிருக்கா" என்றேன்.

மருமகள் வாயில் சேலையைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு கம்பளியும் போர்த்துகிறேன்.

மாசி பிறப்பு

வெயில். குளிர் விட்டுவிட்டது. பீலியடியில் பெண்கள் கம்பளி துவைக்கிறார்கள்.

தபால் இல்லை. பத்து மணி பஸ்ஸையும் பார்த்தேன். பின்னேர பஸ்ஸையும் பார்த்தேன்.

மதினியின் கம்பளியை வெயிலில் உதறினேன். மடிப்பிலிருந்து கொஞ்சம் உதிர்ந்தது. சிவப்புப் பொருக்கு, கூடவே வெள்ளை மணல். எது நம் மலை, எது அந்தக் கரை என்று பிரிக்க முடியவில்லை. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு 6ம் நம்பருக்குப் போனேன். ஏற்றம். மூன்று இடத்தில் நின்றேன். புதுக் கன்று எல்லாம் பிடித்துவிட்டது, ஒரு சாண் உயரம். பாதை ஓரம், அண்ணன் இருந்த இடத்தில், ஒரு கன்றுக்கு அடியில் போட்டு மூடினேன். தண்ணீர் ஊற்றினேன். கண்டாக்கு ஐயா தூரத்திலிருந்து பார்த்தார்.

மகனிடம், கருமாதியை நாளைக்குச் செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். பேர்களை எழுதித் தரச் சொன்னான். எழுதுகிறேன்.

கப்பலில் வந்தவர்கள்:
மாரிமுத்து. கடல்.
வெள்ளையம்மா. கடல்.
சின்னக்கண்ணு. கடல்.
செல்லாயி. கடல்.
பெரியசாமி. கடல்.
பொன்னாயி. கடலும், 6ம் நம்பரும்.
உயிரோடு, மூக்கன்.